முன்சக்கரத்து மேஸ்திரி

மேஸ்திரி என்னை முதலில் அறைந்தார். யார் நீ என்று கேட்டது அதற்குப் பிறகுதான்.

கரையான்சாவடிப் பட்டறையில் நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது நாள் அது. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஆவடிப் பக்கம் முகாம் போட்டிருந்த ராணுவத்தில் தபால் கொண்டுபோகும் சிப்பாய்கள் மோட்டார் சைக்கிளில்தான் பறப்பார்கள். அந்த வண்டிகள் உடைந்தும் நசுங்கியும் லாரியில் எங்கள் பட்டறைக்கு வரும். முதலாளி அதற்கு ஒப்பந்தம் எடுத்திருந்தார். பழுது பார்த்து முடித்த வண்டியைப் பருத்திப்பட்டு ஏரிக்கரை வரைக்கும் ஓட்டிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று சீட்டில் கையெழுத்துப் போடுவது என் வேலை. எனக்கு இருபத்து மூன்று வயது. மேனாம்பேட்டில் எங்கள் குடும்பத்துக்கு நிலம் இருந்தது. எனக்கு ஏர் பிடிக்கப் பிடிக்கவில்லை. வண்டி என்றால் சோறு வேண்டாம்.

அன்று ஓட்டிப்போன வண்டி ஏரிக்கு இந்தப் பக்கமே என்னைத் தூக்கி எறிந்தது. முன்சக்கரம் ஒவ்வொரு பள்ளத்திலும் தவளை மாதிரி குதித்தது. நான்காவது பள்ளத்தில் கைப்பிடி என் பிடியை உதறிக்கொண்டு போய்விட்டது. தாடை கிழிந்து சட்டையெல்லாம் ரத்தத்தோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்கு வந்து, வாசலில் நின்று கத்தினேன்.

"எவன்டா இந்த முன்சக்கரத்த மாட்டினவன்?"

உள்ளேயிருந்து ஒரு ஆள் வந்தார். நாற்பது வயதிருக்கும். குள்ளம், ஆனால் தோள் வாசற்படியை அடைத்தது. முன்பற்கள் இரண்டு இல்லை. விட்டார் ஒரு அறை. நான் எண்ணெய் பீப்பாய் மேல் போய் விழுந்தேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியின் முன்னால் குந்தினார். பக்கவாட்டிலிருந்த கறுப்புக் குமிழைத் தொட்டுப் பார்த்தார்.

"இத்த யாரு முறுக்கனது?"

"நான்தான். லூசா இருந்துச்சு."

"ஸ்ப்ரிங்க கட்டிப் போட்டுட்டு வண்டி குதிக்குதுன்னு வந்து கத்தறியா? கட்டிப்போட்டா குதிக்காம இன்னா பண்ணும்?" குமிழை இரண்டு சுற்றுத் தளர்த்திவிட்டு எழுந்தார். "யாருடா நீ?"

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் இந்தப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். பட்டறையிலும் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முன்சக்கரத்து மேஸ்திரி என்றால் ஆவடி முகாம் வரைக்கும் தெரியும்.

எஞ்சினுக்கு ஒரு ஆள், சக்கரத்துக்கு ஒரு ஆள் என்று எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஃபோர்க்கை மட்டும் அவரைத் தவிர எவரும் தொடக்கூடாது. அப்போது வந்த வண்டிகளில் ஃபோர்க் என்பது இரும்புக் குழாய்களை ஏணி போல இணைத்த ஒரு சட்டம். கர்டர் என்போம். அடியில் சக்கரம். மேலே நான்கு சின்ன இணைப்புகள் ஆணிகளால் அதை வண்டியின் கழுத்தோடு கோத்திருக்கும். நடுவில் பெரிய பீப்பாய் போல ஒரு ஸ்ப்ரிங். பள்ளத்தில் சக்கரம் ஏறினால் சட்டம் முழுவதும் மேலே போகும், ஸ்ப்ரிங் நசுங்கும், பிறகு தள்ளும். அது கண்டபடி தள்ளாமலிருக்கப் பக்கத்தில் வட்டத் தகடுகள், தகடுகளை இறுக்க அந்தக் குமிழ். நான் முறுக்கியது அதைத்தான்.

ஃபோர்க்கின் சரித்திரம் முழுவதும் அவர் உடம்பில் இருந்தது. பதினைந்து வயதில் சென்னையில் ஒரு துரை வீட்டில் வண்டி துடைக்கும் வேலைக்குப் போனவர். முதலில் துரையிடம் இருந்தது பழங்காலத்து வண்டி. முன்னால் ஸ்ப்ரிங்கே கிடையாது. சைக்கிளுக்கு இருப்பது போல் வெறும் கம்பி. துரை இல்லாத சமயத்தில் இவர் அதை ஓட்டிப் பார்த்ததில் காலர் எலும்பு முறிந்தது. முறிந்த இடம் சட்டைக்கு மேலேயே மேடாகத் தெரியும். அடுத்து வந்த வண்டியில் சின்ன ஸ்ப்ரிங் ஒன்று இருந்தது. ஆனால் ஃபோர்க் மேலும் கீழும் போகாமல் முன்னும் பின்னும் ஊஞ்சல் ஆடும். பிரேக் பிடித்தால் சக்கரம் உள்ளே மடங்கும். பற்கள் அதில் போனவை. பிறகு கர்டர் வந்தது. இடது கட்டைவிரலின் நுனியை அதன் ஸ்ப்ரிங் கழற்றும்போது தெறித்துக் கொண்டுபோனது.

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு துண்டு குட்த்துட்டேன்," என்பார். "இன்னும் எத்தினி கீதோ."

அடிக்காமல் அவருக்குப் பேச வராது. எதிரே இருப்பது இரும்பா ஆளா என்ற பேதமும் கிடையாது. கையில் எப்போதும் ஒரு சின்னச் சுத்தியல். வந்த ஃபோர்க்கைத் தொங்கவிட்டு, குழாயின் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வருவார். நல்ல குழாய் மணி போலக் கேட்கும். விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போகும். அங்கே சாக்குக்கட்டியால் பெருக்கல் குறி போடுவார். அந்தக் குறி விழுந்த ஃபோர்க் வண்டியில் ஏறாது. கிரீஸ் போடாமல் இணைப்பை மாட்டியவனுக்கு அறை. ஆணியைச் சுத்தியலால் அடித்து ஏற்றியவனுக்கு உதை. ஒருமுறை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டிருந்த ஆணிகளைக் காணோம் என்று, கூட்டிப் பெருக்கும் கிழவரை அடித்துவிட்டார். கிழவருக்குக் காதில் ரத்தம் வந்தது. ஆணிகள் இவருடைய பெட்டிக்குள்ளேயே இருந்தன. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த எட்டு நாள் பட்டறை முழுவதையும் அவரே பெருக்கினார். கிழவர் வாசலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அதைப் பார்க்க நன்றாக இல்லை. ஒரு மனிதனுக்கு இவ்வளவு சுலபமாகக் கை நீள்வது எனக்குப் பயமாக இருந்தது.

அவர் மனைவி மத்தியானம் கூழ் கொண்டுவருவார். மேஸ்திரியின் முழங்கையில் நீளமாக ஒரு தீக்காயம் இருந்ததைப் பார்த்து ஒருநாள் அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"நான் வெச்சதுதான்," என்றார் அந்த அம்மா. "இங்க இரும்ப அடிக்கட்டும். ஊட்டுக்கு வந்து என் மேல கை வெச்சா அடுப்புல கொள்ளி எரிஞ்சுகினு கீதுன்னு தெரியணும்ல?"

மேஸ்திரி தலையைக் குனிந்து கூழைக் குடித்தார்.

என் மேல் விழுந்த அறை பட்டறையோடு நிற்கவில்லை. மேனாம்பேடு வரைக்கும் வந்தது. மேஸ்திரி பருத்திப்பட்டுச் சேரியைச் சேர்ந்தவர். அவர் அப்பா எங்களைப் போன்றவர்களின் நிலத்தில் ஏர் ஓட்டியவர். என் சித்தப்பா சாப்பாட்டுத் தட்டின் முன்னால் வைத்து என்னைக் கேட்டார்.

"சேரிக்காரன் கையால அடி வாங்கினு வந்து இங்க குந்திகினு துன்றியே, தொண்டைல எறங்குதா?"

இறங்கவில்லை. ஆனால் வேலையை விடவும் மனமில்லை. மேஸ்திரியிடம் முகம் கொடுத்துப் பேசாமல் ஒரு வருஷம் ஓட்டினேன்.

முகாமிலிருந்து வண்டி எடுக்க வருகிற சிப்பாய்களில் ஒருவன் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். என் வயசுதான். மேஸ்திரியை அண்ணாச்சி என்று கூப்பிடுவான். அவனும் முதல் நாள் ஓர் அறை வாங்கியிருந்தான். வாங்கியதும் சிரித்தான். "எங்க அய்யா அடிச்ச மாதிரியே இருக்கு அண்ணாச்சி," என்று சொல்லி ஒரு சிகரெட்டை நீட்டினான். மேஸ்திரிக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. சிகரெட்டை வாங்கிக்கொண்டார். அதிலிருந்து அவன் வண்டிக்குத் தனிக் கவனிப்பு. அவனும் ஆணிகளுக்குத் தானே கிரீஸ் போட்டுத்தான் வண்டியை எடுப்பான்.

அவன்தான் ஒருநாள் சீமையிலிருந்து புதிதாக வந்த வண்டி ஒன்றைக் கொண்டுவந்தான். முன்னால் எண்ணெய் கசிகிறது என்று.

"அண்ணாச்சி, இதுல ஸ்ப்ரிங்கயே காங்கல. ரெண்டு கொழாய்தான் இருக்கு."

மேஸ்திரி வண்டியைச் சுற்றி வந்தார். சட்டம் இல்லை, இணைப்புகள் இல்லை, குமிழும் இல்லை. ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய். சாக்கை விரித்து, அதைக் கழற்றி ஒவ்வொரு பாகமாக வரிசையாக வைத்தார். ஸ்ப்ரிங் குழாய்க்குள்ளே ஒளிந்திருந்தது. கூடவே எண்ணெய். எண்ணெய் ஓடுவதற்குச் சின்னச் சின்னத் துளைகள். அந்தத் துளைகளை ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பூட்டி முடித்துக் கைப்பிடியின் மேல் தன் பாரம் முழுவதையும் போட்டு அழுத்தினார். வண்டி தலை குனிந்தது. கையை எடுத்ததும் கர்டர் போலத் துள்ளவில்லை. மெல்ல நிமிர்ந்தது.

"அடிய முழுங்கிடுச்சுடா," என்றார்.

மறுபடி அழுத்தினார். அன்று முழுவதும் அவர் யாரையும் அடிக்கவில்லை. திருநெல்வேலிப் பையன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். "அண்ணாச்சிக்குப் புள்ள பொறந்த மாதிரில்லா இருக்கு."

அந்த வண்டி மறுநாளே போய்விட்டது. மறுபடி எங்களுக்கு வந்ததெல்லாம் பழைய கர்டர்தான்.

யுத்தம் பர்மாப் பக்கம் முற்றியபோது வேலை மூன்று மடங்கு ஆனது. மாற்று ஃபோர்க் கிடைக்கவில்லை. முதலாளியின் மச்சினன்தான் பட்டறையின் மேற்பார்வை. விரிசல் விட்ட குழாய்களை வெளியே எங்கோ கொண்டுபோய், விரிசலில் பித்தளையை உருக்கி ஊற்றி, அரத்தால் ராவி, மேலே பச்சைப் பெயின்ட் அடித்துக் கொண்டுவந்தான். கண்ணுக்குப் புதிது மாதிரி இருந்தது. மேஸ்திரி தட்டிப் பார்த்தார். ஏழு ஃபோர்க்கில் சத்தம் செத்திருந்தது. ஏழிலும் குறி போட்டார்.

"அழிச்சிட்டு மாட்டு," என்றான் மச்சினன்.

மேஸ்திரி ஒரு ஃபோர்க்கைப் பட்டடைக் கல்லின் மேல் குறுக்கே வைத்தார். பெரிய சம்மட்டியால் ஒரே போடு. குழாய் முறுக்கு போல முறிந்தது. முறிந்த துண்டை எடுத்து மச்சினன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஒரு அடிக்குப் பூட்ச்சு. ரோட்ல எத்தினி அடி உழும் தெரியுமா ஒனக்கு?"

மச்சினன் சங்கிலியை எடுத்து அவர் முதுகில் வீசினான். இரண்டாம் வீச்சை மேஸ்திரி கையில் பிடித்து இழுத்தார். மச்சினனின் மூக்கு உடைந்த சத்தம் பட்டறையின் கோடி வரைக்கும் கேட்டது. போலீஸ் வந்து அவரைக் கூட்டிப்போனது.

அவர் லாக்கப்பில் இருந்த பத்து நாளில்தான் நான் அதைச் செய்தேன்.

சாக்குக் குறிகளை ஈரத் துணியால் துடைத்து, மிச்சமிருந்த ஆறு ஃபோர்க்கையும் ஆறு வண்டியில் மாட்டியிருந்தார்கள். முதல் வண்டியை அன்றைக்கே அனுப்பியாக வேண்டும். மூக்கில் கட்டோடு மச்சினன் சீட்டுப் புத்தகத்தை என் முன் வைத்தான்.

"ஓட்டிப் பாத்துட்டுப் போடறேன்," என்றேன்.

"நேரம் இல்ல. அதான் புதுசாட்டம் கீதே."

"மேஸ்திரி குறி போட்டதுங்க இது."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "மேனாம்பேட்டுக்காரன் நீ. ஒன் கன்னத்துல அறைஞ்சானே, அவன் போட்ட கோட்ட நீ தாண்ட மாட்டியா?"

கன்னம் சூடானது. அந்த அறையை எல்லாரும் பார்த்தார்கள், எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. ஆறு சீட்டிலும் கையெழுத்துப் போட்டேன். போடும்போது ஒரு சந்தோஷம்கூட இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

அந்த முதல் வண்டியை எடுத்துப்போனவன் திருநெல்வேலிப் பையன். ஆணிகளுக்கு கிரீஸ் போட்டுவிட்டுத்தான் ஏறினான்.

நான்கு நாள் கழித்து, காலை வெயிலில் வேறொரு வண்டியை ஓட்டிப் பார்க்க ஏரிக்கரை வழியே போய்க்கொண்டிருந்தேன். எதிரே அவன் வந்தான். என்னைத் தெரிந்துகொண்டு ஒரு கையைத் தூக்கினான். எங்கள் இருவருக்கும் நடுவில் மாட்டுவண்டிகள் தோண்டிய பள்ளம் ஒன்று இருந்தது. அவன் சக்கரம் அதில் இறங்கியது. ஏறவில்லை. சக்கரம் மட்டும் தனியாகப் பின்னால் மடங்கிப்போக, வண்டி மூக்கால் தரையைக் குத்தி அவன் மேலேயே புரண்டது.

ஓடிப்போய்ப் புரட்டினேன். முறிந்த குழாய் அவன் தொண்டையில், காலர் எலும்புக்கு மேலே, ஒரு சாண் இறங்கியிருந்தது. அவன் கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். வாயில் ரத்தம்தான் வந்தது. வலது கை மட்டும் காற்றில் கைப்பிடியைத் தேடி மூடி மூடித் திறந்தது. நான் அந்தக் கையைப் பிடித்தேன். என் விரல்களை நசுக்குகிற மாதிரி இறுக்கினான். பிறகு விட்டுவிட்டான்.

முகாமிலிருந்து லாரி வந்து அவனை எடுத்துப்போனது. அவனைத் தூக்கியபோது கழன்று விழுந்த குழாய்த் துண்டை யாரும் கவனிக்கவில்லை. அதை என் சட்டையில் சுற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்தேன்.

அன்றைக்குத்தான் மேஸ்திரியும் வெளியே வந்திருந்தார். அவரை விட்டால் ஆள் இல்லை என்பதால் முதலாளியே புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தார். நான் சட்டையைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். யார் வண்டி என்று சொன்னேன். அவர் முறிவின் மேல் உலர்ந்திருந்த ரத்தத்தை நகத்தால் சுரண்டினார். அடியில் பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது.

"சீட்டுல யாரு கையெழுத்து?"

அவர் அடிப்பதற்கு முன்னால் பேசி நான் பார்த்தது அன்றுதான்.

"என்னுது, மேஸ்திரி."

அதற்குப் பிறகு நடந்தது துண்டு துண்டாகத்தான் ஞாபகம். வயிற்றில் முழங்கால். தலை சுவரில் மோதியது. இடது காதில் ஒரு வெடி. அந்தக் காது இன்றைக்கும் கேட்பதில்லை. என் கழுத்தைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, மீண்டும் கையை ஓங்கினார். என்ன நினைத்தாரோ, அப்படியே கீழே போட்டுவிட்டு சம்மட்டியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார்.

மிச்சம் ஐந்து வண்டிகள் அனுப்பத் தயாராக வரிசையாய் நின்றன. ஒவ்வொன்றாக முன்னால் போய் நின்று, ஃபோர்க்கை அடித்து முறித்தார். ஒரு வண்டிக்கு ஒரு அடி, சிலதுக்கு இரண்டு. வண்டிகள் முன்னங்கால் ஒடிந்த மாடுகள் போல ஒவ்வொன்றாய் மண்டியிட்டன. ஐந்தாவது விழுந்தபோது மச்சினனும் நாலு ஆட்களும் கடப்பாரையோடு வந்துவிட்டார்கள். முழங்காலில் ஒரு போடு போட்டுத்தான் அவரைக் கீழே தள்ள முடிந்தது. ஒருவன் முதுகில் ஏறி உட்கார்ந்தான். இருவர் அவருடைய வலது கையை இழுத்துப் பட்டடைக் கல்லின் மேல் வைத்தார்கள். மச்சினன் அதே சம்மட்டியைத் தூக்கினான்.

நான் சுவரோரம் கிடந்தேன். எழுந்து நின்றிருக்க முடியும். ஒரு சத்தமாவது போட்டிருக்க முடியும். ஒரு காதுதான் போயிருந்தது, குரல் இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூன்று முறை சத்தம் கேட்டது. மேஸ்திரி கத்தவில்லை. பல்லைக் கடித்து மூச்சு விடும் சத்தம் மட்டும், கொல்லன் துருத்தி போல.

ராணுவச் சொத்தை உடைத்தார் என்று அவர் மேல் வழக்குப் போட்டார்கள். யுத்த காலத்தில் அது சின்னக் குற்றமல்ல. முதலாளி எங்கள் வீட்டுக்கே வந்தார். ஓட்டிப் பார்த்தபோது வண்டி சரியாகத்தான் இருந்தது, பித்தளை ஊற்றி மாட்டியது மேஸ்திரிதான், குட்டு வெளிப்படும் என்று உடைத்துவிட்டார் என்று நான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கையெழுத்துப் போட்ட நான்தான் உள்ளே போவேன்.

"இதுல யோசிக்க இன்னா கீது?" என்றார் சித்தப்பா. "ஒன் காத செவுடாக்கினவன்டா அவன்."

போலீசிடம் அப்படியே எழுதிக்கொடுத்தேன்.

ஐந்து வாரம் கழித்து வழக்கு வந்தது. மேஸ்திரிக்கு வக்கீல் இல்லை. கூண்டில் நின்றார். வலது கையை அழுக்குத் துணியில் சுற்றி மார்போடு கட்டியிருந்தார்கள். துணியின் மேல் ஈ உட்கார்ந்திருந்தது. அவர் மனைவி பின்வரிசையில் நின்றுகொண்டு என்னையே பார்த்தார். நான் எழுதிக்கொடுத்ததை ஒப்பித்தேன். குரல் பிசிறவில்லை.

"சாட்சியை ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று மாஜிஸ்திரேட் மேஸ்திரியிடம் கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு எசமான்." என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. விரிசலைத் தேடிக் குழாயைத் தட்டும்போது காதைச் சாய்த்துக்கொள்வாரே, அப்படித் தலையைச் சாய்த்திருந்தார்.

"அந்தப் புள்ள வண்டிய நீ ஓட்டிப் பாத்தியா?"

ஓட்டினேன் என்று சொல்ல வேண்டும். ஒரு வார்த்தைதான். வாய் திறந்தது. அப்போது என் கையில், அந்தப் பையன் இறுக்கிய இடத்தில், விரல்கள் வலித்தன. நிஜமாகவே வலித்தன.

"இல்ல," என்றேன்.

"சத்தமாகச் சொல்," என்றார் மாஜிஸ்திரேட்.

"ஓட்டல எசமான். எதையுமே ஓட்டல. குறிய அழிச்சாங்க, நான் கையெழுத்துப் போட்டேன். இப்ப சொன்னதெல்லாம் பொய்."

முதலாளி எழுந்து வாசல் பக்கம் நகர்ந்தார். மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். என்னை அங்கேயே பிடித்து நிறுத்தினார்கள்.

பிற்பாடு முதலாளிக்கு ஒப்பந்தம் போயிற்று, மச்சினனோடு சேர்ந்து சிறைக்கும் போனார். ராணுவ வண்டிகளை உடைத்த வழக்கிலிருந்து மேஸ்திரியை விட்டுவிட்டார்கள். ஆனால் மச்சினனின் மூக்குப் புகாரை மறுபடி கிளப்பினார்கள்; அதற்கும் என் காதுக்கும் சேர்த்து அவருக்கு எட்டு மாதம் கிடைத்தது. எனக்கு ஆறு மாதம். சித்தப்பா என் முகத்தில் விழிப்பதில்லை என்று சொல்லியனுப்பினார், சாகும்வரை அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். மேஸ்திரியின் வலது கையில் இரண்டு விரல்தான் அசைந்தன. அதற்குப் பிறகு அவர் எந்தப் பட்டறையிலும் வேலை செய்யவில்லை. மனைவியோடு செங்கல் சூளைக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன். இரண்டு முறை பருத்திப்பட்டுக்குத் தேடிப்போனேன். ஒருமுறை வீட்டில் இல்லை என்றார்கள். இன்னொரு முறை வீட்டுக்குள் அவர் இருமுவது எனக்குக் கேட்டது.

கடைசியாக அவரோடு இருந்தது அந்த வழக்கு நாளில்தான். தீர்ப்பு வரும்வரை எங்கள் இருவரையும் சென்னைச் சிறைக்குக் கொண்டுபோக ஒரே வண்டியில் ஏற்றினார்கள். விலங்கு ஒன்றுதான் இருந்தது போலிருக்கிறது. அவருடைய இடது கையையும் என் வலது கையையும் சேர்த்து மாட்டினார்கள். பழைய வண்டி. பூந்தமல்லி ரோட்டின் ஒவ்வொரு பள்ளமும் பலகை வழியே முதுகெலும்பில் ஏறியது. கையை மார்போடு கட்டியிருந்த துணி அவிழ்ந்து, நொறுங்கிய கை அவர் மடியில் கிடந்து குதித்தது. முதல் பள்ளத்தில் அவர் உதட்டைக் கடித்தார். இரண்டாவதில் ஒரு சத்தம் வந்தது. சம்மட்டி விழுந்தபோது வராத சத்தம்.

கொஞ்ச தூரம் போனதும் என்னைப் பார்க்காமலே பேசினார்.

"ஒண்ணு சொல்லட்டா? அந்த வண்டிய நீ ஓட்டிப் பாத்துருந்தா, ஏரிக்கரையில நீதான் பூட்டிருப்பே."

எனக்கு அது அதுவரை தோன்றவே இல்லை. ஐந்து வாரமாக எத்தனையோ யோசித்திருந்தேன். இதை மட்டும் யோசிக்கவில்லை.

"ஆமா மேஸ்திரி," என்றேன்.

"அதான் அன்னிக்கி ஒன்ன கீழ போட்டேன். அடிச்சா யார அடிக்கறதுன்னு தெரியல."

அடுத்த பள்ளம் வந்தது. நொறுங்கிய கையை நல்ல கையால் தாங்கிக்கொள்ள அவர் முயன்றார். விலங்கு என் கையையும் சேர்த்து இழுத்தது. நான் விறைத்துக்கொண்டு இருந்தால் அவர் கை எட்டாது. என் கையைத் தளர்த்தி அவர் மடிப் பக்கம் கொடுத்தேன். அவர் முழங்கையால் என் விலாவில் ஓங்கி இடித்தார். மூச்சு நின்று வந்தது. கையை நான் எடுக்கவில்லை.

இன்னொரு பள்ளம். இந்த முறை அவர் இடிக்கவில்லை. அவருடைய இடது கையும் என் வலது கையும் துணி சுற்றிய அந்த நொறுங்கிய கைக்கு அடியில் ஒன்றாகக் கிடந்தன. துணி ஈரமாக, சூடாக இருந்தது. வண்டி இறங்கும்போது இறங்கி, ஏறும்போது ஏறி, சிறை வாசலில் போய் நிற்கும்வரை நாங்கள் அதைக் கீழே தட்டவிடாமல் பிடித்துக்கொண்டு போனோம்.